கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் பைலட் ஆக: நகரி, புத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஆந்திர எல்லையில் இருக்கும் நம் நகரியிலிருந்து திருத்தணி வழியாக அரக்கோணம் போய் வருகிறவர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதல்ல. 1992 மார்ச்சில் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானதளம் அரக்கோணத்தில் தொடங்கியது. அன்றிலிருந்து அங்கே சேடக் ஹெலிகாப்டரில் பைலட்டுகள் பயிற்சி எடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள், கை ஆட்டுகிறார்கள், அதோடு சரி. அந்த இருக்கையில் தானும் உட்காரலாம் என்று நினைத்துப் பார்க்கிற பிள்ளை குறைவு. நினைத்தாலும் யாரைக் கேட்பது என்று தெரியாது.

போன மாதம் ஏகாம்பரகுப்பத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் என்னிடம் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அவன் நைனா பவர்லூம் ஓட்டுகிறார். வீடியோவில் இரண்டு புரொப்பெல்லர் வைத்த சாம்பல் நிற விமானம் ஒன்று நடுக்கடலில் ஒரு கப்பலின் மேல் இறங்குகிறது. பின்கதவு திறக்கிறது, மூட்டை மூட்டையாகத் தபால் இறங்குகிறது. "மாமா, சண்டை விமானம் எனக்கு வேண்டாம். இந்த வேலைதான் வேணும். இதுக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டான்.

நான் கடற்படையில் 15 வருடம் மாலுமியாக இருந்தவன். கப்பல் தளத்தில் வந்து இறங்கும் ஹெலிகாப்டரைச் சங்கிலி போட்டுக் கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் என் வேலை. பைலட்டாக நான் பறந்ததில்லை. ஆனால் சரக்கு வருவதற்காகக் காத்திருந்த பக்கத்தில் நின்றவன். அவனுக்குச் சொன்னதையெல்லாம் மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்த வேலை என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வீடியோவில் இருந்தது சி-2ஏ கிரேஹவுண்ட். அமெரிக்கக் கடற்படையின் விமானம், 1960களில் சேவைக்கு வந்தது. சுமார் நாலரை டன் சரக்கு, அல்லது 26 பேரை ஏற்றிக்கொண்டு கரையிலிருந்து விமானந்தாங்கிக் கப்பலுக்குப் போகும். பயணிகளின் இருக்கைகள் வாலைப் பார்த்து இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. கப்பல் தளத்தின் குறுக்கே எஃகுக் கம்பிகள் கட்டியிருக்கும். விமானத்தின் வாலில் உள்ள கொக்கி அதில் ஒன்றைப் பிடித்ததும் ஏறத்தாழ இரண்டே விநாடியில் விமானம் நின்றுவிடும். முன்னோக்கி உட்கார்ந்திருந்தால் உடம்பு முழுவதும் பெல்ட்டில் போய் மோதும். பின்னோக்கி உட்கார்ந்தால் இருக்கையே முதுகைத் தாங்கிக்கொள்ளும். திரும்பிப் போகும்போது கேட்டபுல்ட் என்ற கவண்பொறி விமானத்தை இழுத்து வீசும். ஓடுபாதை நீளம் போதாத குறையை அது தீர்க்கிறது.

இப்போது அந்த வேலைக்கு சிஎம்வி-22பி ஆஸ்ப்ரே வந்திருக்கிறது. ஹெலிகாப்டர் மாதிரி நேராக எழும்பி, இறக்கை நுனியில் இருக்கும் ரோட்டர்களை முன்பக்கம் சாய்த்து விமானம் மாதிரி பறக்கும். 2021இல் முதல்முறையாக ஒரு விமானந்தாங்கிக் கப்பலோடு நீண்ட பயணம் போனது. இந்த மாற்றத்துக்கு எஃப்-35சி போர் விமானமும் ஒரு காரணம். அதன் எஞ்சின் கிரேஹவுண்டின் வயிற்றுக்குள் நுழையாது, ஆஸ்ப்ரேயில் ஏறும்.

சரக்குதானே, ஆபத்து இல்லாத வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017 நவம்பர் 22 அன்று ஜப்பானின் இவாகுனியிலிருந்து ரொனால்ட் ரீகன் கப்பலுக்குப் போன ஒரு கிரேஹவுண்ட் பிலிப்பைன் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 11 பேரில் 8 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். விமானத்தைத் தண்ணீரில் பக்குவமாக இறக்கி அத்தனை பேரைப் பிழைக்க வைத்த பைலட் திரும்பவில்லை. இறந்த பிறகு அவருக்குப் பறத்தல் வீரத்துக்கான பதக்கம் கொடுத்தார்கள். சண்டைக்குப் போகாமல், ஆளையும் பொருளையும் கொண்டுபோன ஒரு நாளில் நடந்தது இது.

நம் கடற்படையில் இந்த வேலையைச் செய்வது யார்

இந்த இடத்தில் அந்தப் பையனின் முகம் கொஞ்சம் வாடியது. அதனால் உங்களுக்கும் நேராகவே சொல்லிவிடுகிறேன். கிரேஹவுண்ட் மாதிரி கப்பலில் இறங்கும் சரக்கு விமானம் இந்தியக் கடற்படையில் கிடையாது. நம்மிடம் இருப்பவை இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள்: 2013இல் சேர்ந்த ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா, கொச்சின் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி 2022 செப்டம்பர் 2 அன்று சேர்ந்த ஐ.என்.எஸ். விக்ராந்த். இரண்டிலும் இறங்குவதற்குக் கம்பி உண்டு, ஏறுவதற்குக் கவண்பொறி இல்லை. முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கும் தளத்தில் மிக்-29கே தன் எஞ்சின் பலத்தாலேயே ஓடி எழும்பும். கனமான சரக்கு விமானத்துக்கு அது சரிப்படாது. அமெரிக்கக் கடற்படையில் சேரலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே அதிகாரியாக வேண்டுமென்றால் அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும்.

அப்படியானால் நம் கப்பலுக்குச் சாமான் எப்படிப் போகிறது? மொத்தச் சரக்கும் எண்ணெயும் ஐ.என்.எஸ். தீபக், ஐ.என்.எஸ். சக்தி மாதிரியான நிரப்புக் கப்பல்களில் வரும். இரண்டு கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வேகத்தில் ஓட, நடுவே குழாயும் கயிறும் போட்டு மாற்றுவார்கள். அவசரச் சரக்கு, தபால், ஆள், நோயாளி என்றால் ஹெலிகாப்டர். சேடக், சீ கிங், துருவ், 2024 மார்ச்சில் கொச்சியில் படைப்பிரிவாக அமைந்த எம்எச்-60ஆர் என்று வகைகள் உண்டு. கப்பல் இன்னும் தூரத்தில் இருந்தால் விமானத்திலிருந்து பாராசூட்டில் போடும் முறையும் வந்துகொண்டிருக்கிறது. 150 கிலோ கொள்ளும் ஏடிசி-150 என்ற பெட்டியை டி.ஆர்.டி.ஓ. என்ற அரசுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் செய்திருக்கிறது. கரையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கப்பலுக்கு உதிரிபாகம் சேர்க்க வேண்டும் என்பது நோக்கம். 2023 ஏப்ரல் 27 அன்று கோவா கடலில் ஐஎல்-38எஸ்டி விமானத்திலிருந்து அதைப் போட்டுச் சோதித்தார்கள்.

ஆக, சரக்கு பைலட் என்று நம் நாட்டில் தனிப் பிரிவு இல்லை. நீங்கள் கடற்படைப் பைலட் ஆக வேண்டும், அதிலும் ஹெலிகாப்டர் பக்கம் போக வேண்டும். இன்றைக்கு நீர்மூழ்கியைத் தேடுவீர்கள், நாளைக்குக் காய்கறி மூட்டையும் ஒரு பம்ப்பின் உதிரிபாகமும் கொண்டுபோவீர்கள், மறுநாள் மூழ்கும் மீன்பிடிப் படகிலிருந்து ஆளைத் தூக்குவீர்கள். இந்தக் கலவை பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

அந்த உதிரிபாகம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கடலில் நான்கு வாரம் ஆனபின் ஒரு நாள் மதியம், தபால் ஹெலிகாப்டர் வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். போன் எல்லாருக்கும் இல்லாத காலம். சமையல்கட்டில் இருந்தவர்கள்கூட வாசல் வரைக்கும் வந்து நின்றார்கள். நான் சங்கிலி போட்டு நிமிர்ந்தபோது பைலட் கண்ணாடிக்குள்ளிருந்து கட்டைவிரலைக் காட்டினார். பையில் எனக்கு ஒரு இன்லாண்டு கடிதம். அம்மா தெலுங்கு எழுத்தில் தமிழை எழுதுவார், நம் பக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான். தங்கை வயதுக்கு வந்த சேதி அதில் இருந்தது, சடங்கு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதே ஹெலிகாப்டரில் குடல்வால் வலியில் துடித்த ஒரு சமையல்காரரை ஏற்றி அனுப்பினோம். அவர் பிழைத்தார். போர் விமானப் பைலட்டை எல்லாரும் வியந்து பார்ப்பார்கள். தபால் ஹெலிகாப்டர் ஓட்டி வந்தவரைக் கப்பலில் இருந்த அத்தனை பேரும் வீட்டு ஆளாகப் பார்த்தார்கள்.

பள்ளியில் எடுக்க வேண்டிய முடிவுகள்

ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முதலில் சொல்வது, பிள்ளைகளைப் படை அதிகாரிகளாக ஆகத் தயார்செய்யும் விடுதிப் பள்ளியான சைனிக் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு 10 முதல் 12 வயது, ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15 வயது. அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு, பெண் பிள்ளைகளும் எழுதலாம். நம்மைப் போன்ற எல்லை ஊர்க்காரர்கள் இதில் ஏமாறுவது இருப்பிட ஒதுக்கீட்டில். நாம் பேசுவது தமிழ் என்பதற்காக மட்டும் உடுமலைப்பேட்டை பக்கத்து அமராவதிநகர் பள்ளியில் நமக்கு முன்னுரிமை கிடைக்காது. பெரும்பாலான இடங்கள் அந்தந்த மாநிலத்தில் இருப்பவர்களுக்குத்தான். ஆந்திர இருப்பிடச் சான்று வைத்திருப்பவர்கள் கலிகிரி, கோருகொண்டா பள்ளிகளைக் குறிவையுங்கள். திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் இருப்பவர்கள் அமராவதிநகரைப் பாருங்கள். சைனிக் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் குடி முழுகிவிடாது. சாதாரண அரசுப் பள்ளியிலிருந்தும் பைலட் ஆகலாம்.

பத்தாவது முடித்ததும் எடுக்கிற குரூப்தான் மிகப் பெரிய முடிவு. ஆந்திராவில் இன்டரில் சேர்ந்தால் எம்.பி.சி. எடுங்கள், தமிழ்நாட்டில் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள முதல் குரூப். கணிதம் இல்லாத உயிரியல் குரூப்பான பை.பி.சி. எடுத்துவிட்டுப் பின்னால் வருத்தப்பட்ட இரண்டு பிள்ளைகளை எனக்கே தெரியும். கணிதம் இல்லாவிட்டால் என்.டி.ஏ. என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகக் கடற்படைக்குப் போகும் கதவு மூடிவிடும்.

ஆங்கிலத்தையும் விடாதீர்கள். தமிழும் தெலுங்கும் சரளமாகப் பேசும் பிள்ளை மூன்றாவது மொழியையும் பிடித்துவிடும், அந்தத் தெம்பு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே உண்டு. தினமும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்து, பிறகு தாளை மூடிவிட்டு அதே சேதியைச் சொந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். பறக்கும்போது ரேடியோவில் பேசும் மொழியும் அதுதான்.

உள்ளே போக இரண்டு முக்கிய வாசல்கள்

முதல் வாசல் என்.டி.ஏ. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே எழுதலாம். வயது 16½ முதல் 19½. யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொது அறிவுத் தாளுக்கு 600, அதில் ஆங்கிலம் மட்டும் 200. தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். நமக்குத் திருப்பதி, சென்னை மையங்கள் வசதி. பெண்கள் 2021 நவம்பர் தேர்விலிருந்து எழுதுகிறார்கள். தேறினால் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று வருடம், பிறகு கேரளத்தின் எழிமலையில் ஒரு வருடம். வழக்கமாக இப்படி வந்தவர்கள் முதலில் கப்பல் வேலை கற்று, அப்புறம்தான் விமானப் பிரிவுக்குத் தேர்வாவார்கள்.

இரண்டாவது வாசல், பைலட்டாகவே எடுக்கும் குறுகிய காலப் பணி. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே வீட்டுக்கு ஒரு பொறியியல் பட்டதாரி இருக்கிறார். எந்தப் பிரிவில் பி.இ., பி.டெக். படித்திருந்தாலும் சரி, 60 சதவீதம் வேண்டும். பத்திலும் பன்னிரண்டிலும் மொத்தம் 60 சதவீதம், இரண்டில் ஒன்றில் ஆங்கிலத்தில் 60 சதவீதம். வயது சுமார் 19 முதல் 24. எழுத்துத் தேர்வு இல்லை, கல்லூரி மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். கடைசி வருட மாணவருக்கு ஐந்தாவது செமஸ்டர் வரையிலான மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். முதல் வருடத்தில் விளையாட்டாக இருந்துவிட்டுக் கடைசியில் படிக்கலாம் என்கிற கணக்கு இங்கே செல்லாது. ஆணும் பெண்ணும் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்துக்குக் கடற்படையின் அதிகாரப்பூர்வ ஜாயின் இந்தியன் நேவி இணையதளம் போதும். வயதும் மற்ற விதிகளும் ஒவ்வொரு அறிவிப்பிலும் சிறிது மாறும், அதனால் அந்தந்த அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். இடைத்தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். என் அக்கா மகனிடம் ஒரு பயிற்சி மையம் "செலக்ஷன் கேரண்டி" என்று 40,000 ரூபாய் வாங்கியது. பழைய கேள்வித்தாள் ஜெராக்ஸைத் தவிர அவன் கையில் எதுவும் வரவில்லை. அந்தப் பணத்தை அக்கா சீட்டு எடுத்துக் கட்டியிருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஐந்து நாள் நேர்காணலும் ஒரே ஒருமுறைத் தேர்வும்

எஸ்.எஸ்.பி. என்ற நேர்காணல் ஐந்து நாள் நடக்கும். முதல் நாள் வடிகட்டல். அதில் பாதிக்கும் மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புவது சகஜம், அதில் அவமானம் எதுவும் இல்லை. மிஞ்சியவர்களுக்கு மனநிலைத் தேர்வுகள். ஒரு சொல்லைக் காட்டி 15 விநாடியில் வாக்கியம் எழுதச் சொல்வார்கள், அப்படி 60 சொல். அரை மணி நேரத்தில் 60 சூழ்நிலைகளுக்குப் பதில் எழுத வேண்டும். பிறகு குழுவாகச் சேர்ந்து பலகையும் கயிறும் கொண்டு தடை தாண்டும் வேலைகள், தனி நேர்காணல். நீங்கள் யாரென்று பார்ப்பதற்கான ஏற்பாடு இது. மனப்பாடம் செய்த பதில் சீக்கிரம் வெளுத்துவிடும். தறிக்கூடத்தில் அப்பாவுக்கு உதவியது, கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையை ஒழுங்குபடுத்தியது, கிரிக்கெட் குழுவுக்குச் சந்தா வசூலித்தது, இதெல்லாம் உண்மையான அனுபவம். அதைத் தயங்காமல் சொல்லுங்கள். அந்த வகை நேர்காணலுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பைலட் ஆகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தனியாக ஒரு திறன் தேர்வு உண்டு. சி.பி.எஸ்.எஸ். என்பார்கள். கண், கை, கால் மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்து வேலை செய்கிறதா, காட்டிகளைப் படித்து உடனே முடிவெடுக்க வருகிறதா என்று பார்க்கும். இதை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுதலாம். தவறினால் விமானப்படையிலோ கடற்படையிலோ பைலட்டாக மறுபடி முயல முடியாது. சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நன்றாகத் தூங்கி, உடம்பும் மனசும் தெளிவாக இருக்கும்போது போங்கள்.

உடம்பு

பைலட்டுக்கு உயரம் குறைந்தது 162.5 செ.மீ. கால் நீளம், தொடை நீளம், உட்கார்ந்த உயரம் எல்லாம் தனித்தனியாக அளப்பார்கள். பெடலுக்குக் கால் எட்ட வேண்டும், முழங்கால் கருவிப் பலகையில் இடிக்கக் கூடாது என்பதற்காக. நிறக்குருடு இருந்தால் பைலட் ஆக முடியாது. இதைப் பத்தாம் வகுப்பிலேயே கண் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை. பி.டெக். முடித்து ஐந்து நாள் நேர்காணலும் தேறிய பிறகு தெரிந்துகொள்வது பெரிய துயரம்.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். எலும்பு முறிந்தால் நம் வழக்கம் புத்தூர் கட்டு. சின்ன வயதில் முழங்கையோ முன்கையோ உடைந்து கட்டுப் போட்டு ஆறியவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர். படை மருத்துவர்கள் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி முழங்கையின் கோணத்தை அளப்பார்கள், முழுதாக மடங்குகிறதா, நீள்கிறதா என்றும் பார்ப்பார்கள். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். உங்களுக்குப் பழைய முறிவு இருந்தால் இப்போதே ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவக் குழுவிடம் மறைக்காதீர்கள்.

அப்புறம் நீச்சல். கிணற்றில் குதித்து மிதக்கத் தெரிவது நல்ல ஆரம்பம், அது போதாது. நீச்சல்குளத்தில் முறையாகக் கற்று, மூச்சுப் பிடித்து நீருக்குள் கண் திறந்து பார்க்கப் பழகுங்கள். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் பெரும்பாலும் தலைகீழாகப் புரண்டுவிடும், எஞ்சினும் கியர்பாக்ஸும் மேலே இருக்கும் கனம் அப்படி. அதனால் ஹெலிகாப்டர் கூண்டு மாதிரி ஒன்றில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, குளத்தில் மூழ்கடித்துப் புரட்டி, இருட்டில் வெளியே வரச் சொல்லும் பயிற்சி உண்டு. தண்ணீருக்குப் பயப்படும் பிள்ளைக்கு அந்த நாள் மிகவும் சிரமம்.

எழிமலை, துண்டிகல், அரக்கோணம்

தேர்வானவர்கள் முதலில் போவது கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்து எழிமலையில் இருக்கும் இந்தியக் கடற்படை அகாடமி. காட்பாடியில் மங்களூர் ரயில் ஏறினால் பையனூரில் இறங்கலாம். குறுகிய காலப் பணிக்காரர்களுக்கு அங்கே 22 வாரம். அணிவகுப்பு, கடல் வழிகாட்டல், படகு, நீச்சல், ஓட்டம். பிறகு பறத்தலின் முதல் கட்டம், ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமி மாதிரியான இடத்தில். பிலாட்டஸ் பிசி-7 என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் தொடங்குவார்கள். அங்கே உங்கள் திறமையையும் படையின் தேவையையும் வைத்துப் பிரிப்பார்கள்: போர் விமானம், டோர்னியர் மாதிரியான ரோந்து விமானம், ஹெலிகாப்டர். டோர்னியர் பைலட்டுகளும் தீவுகளுக்கு ஆளையும் பொருளையும் கொண்டுபோவார்கள், ஆனால் அது கப்பலில் இறங்காது. விருப்பத்தைக் கேட்பார்கள், கேட்டது கிடைத்தே தீரும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

ஹெலிகாப்டர் கிடைத்தவர்கள் வந்து சேரும் இடம் நம் அரக்கோணம். ராஜாளியில் இருக்கும் ஐ.என்.ஏ.எஸ். 561 தான் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி. 2024 ஜூன் 7 அன்று சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட்டாகத் தேறியது இந்த இடத்தில்தான். அதற்கு முன் 2019 டிசம்பர் 2 அன்று சப் லெப்டினன்ட் ஷிவாங்கி கொச்சியில் டோர்னியர் பைலட்டாகி, கடற்படையின் முதல் பெண் பைலட் ஆனார். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்று யாராவது ஆரம்பித்தால், ஏகாம்பரகுப்பத்திலிருந்து நாலைந்து ஸ்டேஷன் தள்ளி நடந்த காரியம் இது என்று சொல்லுங்கள்.

தளத்தில் இறங்கும் நாள்

நான் பக்கத்தில் நின்று பார்த்த வேலை என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கரையில் ஹெலிபேட் அசையாது. கப்பலில் அது மேலும் கீழும் ஏறி இறங்கும், பக்கவாட்டில் சாயும், முன்னால் ஓடிக்கொண்டும் இருக்கும். பைலட் முதலில் கப்பலின் பக்கத்தில் வந்து அதே வேகத்தில் கூடவே பறப்பார். தளத்தில் நிற்கும் அதிகாரி கையால் சைகை காட்டுவார். அலை எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. சில பெரிய அசைவுகளுக்குப் பின் கொஞ்ச நேரம் கப்பல் அமைதியாகும். அந்த இடைவெளியைப் பார்த்து, தயங்காமல் ஒரே இறக்கமாக இறக்க வேண்டும். தயங்கினால் தளம் மேலே எழும்பி வந்து அடிக்கும். சக்கரம் தொட்டதும் நாங்கள் குனிந்து ஓடிச் சங்கிலி போடுவோம். நல்ல பைலட் யார் என்பது எங்களுக்குச் சக்கரம் தொடும் சத்தத்திலேயே தெரியும்.

எல்லாச் சரக்கும் இறங்கிக் கொடுப்பதில்லை. வலையில் கட்டி வயிற்றுக்குக் கீழே தொங்கவிட்டும் கொண்டுவருவார்கள். பறக்கும் ஹெலிகாப்டரில் மின்னேற்றம் சேர்ந்திருக்கும். தொங்கும் கொக்கியை வெறும் கையால் தொட்டவரை அது தூக்கி எறியும். அதனால் தரையோடு இணைத்த கம்பியால் முதலில் தொட்டு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைப்போம். மேலே பைலட்டுக்குச் சரக்கு கண்ணில் படாது. பின்னால் படுத்துக் கீழே பார்க்கும் குழுவினர் சொல்லும் சொல்தான் அவருக்குக் கண். "முன்னால் இரண்டு மீட்டர், நிறுத்து, இறக்கு" என்கிற குரலை நம்பிக் கையை அசைக்க வேண்டும். மூட்டை ஊஞ்சலாக ஆடி ஹெலிகாப்டரையே இழுத்தால் அதைக் கழற்றிக் கடலில் விடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. கீழே இருக்கும் சரக்கு யாருடைய மருந்தாக இருந்தாலும் அந்த முடிவை ஒரு விநாடியில் எடுத்தாக வேண்டும்.

இந்த வேலைக்குத் தேவையான கணக்கை இப்போதே வீட்டில் போட்டுப் பழகலாம். கப்பல் 20 நாட் வேகத்தில் போகிறது. ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக மணிக்கு 37 கிலோமீட்டர். நீங்கள் கிளம்பி இரண்டு மணி நேரம் பறப்பதற்குள் அது 74 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும், நகரியிலிருந்து திருப்பதிக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். புறப்பட்டபோது இருந்த இடத்துக்குப் போனால் வெறும் தண்ணீர்தான் இருக்கும். எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் உங்கள் வேகம் எவ்வளவு குறையும்? கப்பலில் தளம் அடைபட்டிருந்தால் கரைக்குத் திரும்ப எரிபொருள் எவ்வளவு மிச்சம் வேண்டும்? 100 கிலோ சரக்கு கூடினால் எவ்வளவு எண்ணெயைக் குறைக்க வேண்டும்? ஏழாம் வகுப்பில் போட்ட ரயில் கணக்குதான், பிளாட்பாரமும் சேர்ந்து ஓடுகிறது. அந்தப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி ஐந்து கணக்கு கொடுக்கிறேன். இப்போது நான் போடுவதற்குள் அவன் முடித்துவிடுகிறான்.

சம்பளம், வருடங்கள், தவறிவிட்டால்

ஏழாவது ஊதியக் குழுவின்படி சப் லெப்டினன்ட்டின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. இராணுவப் பணிக்கான 15,500 ரூபாய், அகவிலைப்படி, பறத்தல் படி எல்லாம் அதற்கு மேல். குறுகிய காலப் பணி, நீட்டிப்பும் சேர்த்து 14 வருடம் வரை. வெளியே வந்தபின் தேவையான உரிமங்களை எடுத்துச் சிவில் ஹெலிகாப்டர் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு.

பைலட் தேர்வில் தவறினால் அதே பட்டத்தோடு அப்சர்வர் எனப்படும் வான்நடவடிக்கை அதிகாரி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி பதவிகளைப் பாருங்கள். ஹெலிகாப்டரின் பின்னால் படுத்துச் சரக்கை இறக்கும் குழுவினரிலும் தளத்தில் சங்கிலி போடுகிறவர்களிலும் மாலுமிகள் நிறைய. நான் அப்படி இருந்தவன்தான். அந்த வேலையிலும் நிறைவு உண்டு.

இந்த வாரமே செய்ய வேண்டியது: பெயர்

கடைசியாக வைத்தாலும் நம் எல்லைப் பக்கத்தில் அதிகம் பேரைத் தடுக்கி விழ வைப்பது இதுதான். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தால் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல். ஆந்திரப் பள்ளியில் சேர்ந்தால் வீட்டுப் பெயரை முன்னால் போடுவார்கள். இங்கே ஐந்தாவது வரை, அங்கே பத்தாவது வரை என்று மாறிப் படித்த பிள்ளையின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் மூன்றாவது பெயர் இருக்கும். அப்பா பெயரின் எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் நேர்காணல் தேறியும் இந்தத் திருத்தத்துக்காக இரண்டு மாதம் அலைந்தார், அந்த முறை சேர முடியவில்லை.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுத்துக்கு எழுத்து என்ன இருக்கிறதோ அதன்படியே ஆதார், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே தப்பு இருந்தால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக இப்போதே விண்ணப்பம் போடுங்கள், வருடம் போகப் போக அது கடினமாகும். எல்லாம் சரியானபின் மூன்று செட் நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மூலச் சான்றிதழ்களை வேறு இடத்தில் வையுங்கள். ஏகாம்பரகுப்பத்துப் பையன் போன வாரம் தன்னுடையதை எடுத்து வந்தான். நாலு காகிதத்தில் மூன்று ஒத்துப்போகிறது. நாலாவதற்கு திங்கட்கிழமை அவனும் நானும் மீசேவா என்ற அரசுச் சேவை மையத்துக்குப் போகிறோம்.